குமாஸ்தாவின் கையெழுத்து கல்யாணப் பத்திரிகை ஏறிய கதை

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. என் விஷயத்துல அது சரியாப் போச்சு."

மும்பை தாராவியில் ஒரு சிறிய அச்சகத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னார் ஒரு பெரியவர். வயது எண்பதைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1961-ல் பம்பாய்க்கு ரயில் ஏறியவர். ஒரு பஞ்சாலையின் ஆபீசில் இருபது ஆண்டுகள் பேரேட்டுக் குமாஸ்தாவாக இருந்தார். 1982-ல் பம்பாயையே உலுக்கிய மில் வேலைநிறுத்தம் வந்தது. அவர் வேலை பார்த்த மில் பிறகு திறக்கவே இல்லை.

அன்று அவர் அச்சகத்துக்கு வந்தது பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்காக. மாதிரிப் படியைப் பார்த்தவுடன் முகம் சுருங்கிவிட்டது. தமிழ்ப் பக்கத்தில் குறை இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் மணமக்களின் பெயர்களை வளைவும் சுழிப்புமான சாய்ந்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் அத்தனையும் பெரிய எழுத்து! கொக்கியோடு கொக்கி மோதிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் இனிஷியல் 'டி'. பார்ப்பவர் கண்ணுக்கு அது 'எஃப்' மாதிரி தெரிந்தது.

"தம்பி, இதை மாத்திக் கொடுங்க. பேரே படிக்க முடியலையே!"

"தாத்தா, இது கம்ப்யூட்டர்ல வர்ற எழுத்து. எல்லாரும் இதைத்தான் கேக்காங்க. அழகுக்குன்னே உள்ள எழுத்து."

பெரியவர் பதில் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாதிரிப் படியின் பின்பக்கத்தில் இரண்டு பெயர்களையும் எழுதினார். முதல் எழுத்து மட்டும் பெரியது. மற்றவை சின்ன எழுத்துக்கள், ஒன்றோடொன்று கை கோத்தபடி. பையன் தாளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். இரண்டும் ஒரே எழுத்து!

"அழகுக்குன்னு வந்த எழுத்து இல்லை தம்பி இது. இருபது வருஷம் எனக்குச் சோறு போட்ட எழுத்து" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன பேச்சு அல்ல. சரித்திரமே அதுதான். கல்யாணப் பத்திரிகையிலும், பட்டமளிப்புச் சான்றிதழிலும், பெரிய விருந்து அழைப்பிலும் இன்று நாம் பார்க்கும் அந்த ராஜகம்பீரமான எழுத்து, அரண்மனையில் பிறந்தது அல்ல. கணக்குப் பிள்ளைகளின் மேஜையில் பிறந்தது!

எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்த வாத்தியார்

பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. லண்டன் நகரில் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம். சரக்குக் கப்பல்கள் கீழ்த்திசைக்கும் மேல்திசைக்கும் போய் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பட்டியல், ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பத்திரம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கணக்கு. இவற்றை எல்லாம் எழுத ஆள் வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தடுமாறாமல் படிக்கவும் வேண்டும்.

அதுவரை ஆபீசுகளில் வழங்கிய பழைய ஆங்கிலக் கையெழுத்து முள்ளும் முடிச்சுமாக இருந்தது. வியாபாரத்துக்கு அது உதவவில்லை. வேகமாக எழுத வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், பத்துக் குமாஸ்தாக்கள் எழுதினாலும் ஒருவர் எழுதியதுபோல் இருக்க வேண்டும். இந்த மூன்று தேவைக்கும் பதிலாக வளர்ந்ததுதான் 'ரவுண்ட்ஹேண்ட்' என்னும் உருண்டைக் கையெழுத்து. நம் பழைய கல்வெட்டுக்களில் உள்ள வட்டெழுத்து வேறு, இது வேறு.

இறகுப் பேனாவின் முனையைக் கூராகச் சீவி, நடுவில் ஒரு பிளவு விடுவார்கள். கையைக் கீழே இழுக்கும்போது லேசாக அழுத்தினால் பிளவு விரியும், கோடு தடிக்கும். மேலே கொண்டுபோகும்போது கையைத் தளர்த்தினால் கோடு மயிரிழையாக மெலியும். ஒரு வார்த்தை முடியும்வரை பேனாவைத் தாளிலிருந்து எடுப்பது அரிது. அந்த எழுத்தில் நாம் காணும் தடிப்பும் மெலிவும் தனியாகச் சேர்த்த அலங்காரம் அல்ல. கை போய் வந்த தடம் அது.

நம் தமிழ் எழுத்துக்கு இப்படிப்பட்ட பழக்கம் கிடையாது. எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்த எழுத்து நம்முடையது. எழுத்தாணிக்கு ஏறும்போது மெலிவும் இறங்கும்போது தடிப்பும் இல்லை. எழுத்துக்களும் தனித்தனியே நிற்கும். ஆகவே இந்தக் கை கோத்த எழுத்தை நம்மவர்கள் இங்கிலீஷோடு சேர்த்துத்தான் கற்றார்கள்.

லண்டனில் இதைக் கற்றுக் கொடுத்த வாத்தியார்களில் ஒருவர் சார்லஸ் ஸ்னெல். 1667-ல் பிறந்து 1733-ல் மறைந்தவர். அவர் பள்ளியில் கையெழுத்தும் கணக்குப் பதிவும் சேர்ந்தே நடக்கும். கையெழுத்து மாதிரிப் புத்தகங்களும் வெளியிட்டார். முதலாவது 1694-ல் வந்தது.

எழுத்து வாத்தியார்கள் பலருக்கு அந்தக் காலத்தில் ஒரு மோகம். பேனாவைத் தூக்காமல் பறவை, மீன், தேவதை என்று சுழித்துக் காட்டுவார்கள். ஸ்னெலுக்கு அது பிடிக்காது. எழுத்துக்கு அளவும் விதியும் வேண்டும் என்பது அவர் கட்சி. எது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், எங்கே சேர வேண்டும் என்று விதி வகுத்தார். இதில் ஜான் கிளார்க் என்ற இன்னொரு வாத்தியாரோடு அச்சிலேயே சண்டை போட்டார்!

1720-ல் 'சவுத் ஸீ' கம்பெனி என்ற கம்பெனியின் பங்குகளை வாங்க லண்டனே வெறிபிடித்து அலைந்தது. வருட ஆரம்பத்தில் நூறு பவுனுக்குச் சற்று மேல் விற்ற பங்கு, கோடையில் ஆயிரம் பவுன்வரை ஏறி, வருடம் முடிவதற்குள் தரைமட்டத்துக்கு வந்தது. குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மேதை ஐசக் நியூட்டனே அதில் பணத்தை இழந்தார். கம்பெனி டைரக்டர்களில் ஒருவரான ஸாபிரிட்ஜ் என்பவரின் வியாபாரக் கணக்குப் புத்தகங்களைச் சோதித்து அறிக்கை எழுதியவர் யார் தெரியுமா? எழுத்து வாத்தியாரும் கணக்கருமான சார்லஸ் ஸ்னெல்தான்! வெளியார் ஒருவர் கணக்கைத் தணிக்கை செய்து எழுதிய ஆரம்பகால அறிக்கைகளில் ஒன்றாக, இன்றும் ஆடிட்டர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

கல்யாணப் பத்திரிகை எழுத்துக்குப் பின்னால் இருப்பவர் இப்படி ஒரு கணக்கர்.

பெயர் வந்த வழி

இந்த எழுத்துக்குக் 'காப்பர்பிளேட்' என்றும் ஒரு பெயர் உண்டு. செப்புத் தகட்டுக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

வாத்தியார்கள் மாதிரிப் புத்தகம் போட விரும்பினார்கள். ஈய அச்செழுத்தால் அந்த மெல்லிய கோடுகளைக் காட்ட முடியாது. ஆகவே செப்புத் தகட்டில் கூரிய உளியால் எழுத்தைத் திருப்பிச் செதுக்கி, பள்ளத்தில் மை தடவி, தாளை அழுத்தி எடுத்தார்கள். பேனா காட்டியதைவிட உளி இன்னும் மெல்லிய கோட்டைக் காட்டியது. அதைப் பார்த்துப் பழகியவர்கள், 'செப்புத் தகடு மாதிரி எழுதுகிறான்' என்று நல்ல கையெழுத்தைப் புகழ ஆரம்பித்தார்கள்.

இவற்றில் புகழ் பெற்றது ஜார்ஜ் பிக்கம் செதுக்கிய 'யுனிவர்சல் பென்மேன்'. 1733-லிருந்து 1741வரை பகுதி பகுதியாக வந்தது. 25 எழுத்து வல்லுநர்களின் கைவண்ணம், 212 தகடுகளில்!

'ரைட்டர்' என்றால் யார்?

கிழக்கிந்தியக் கம்பெனியில் கடைநிலை உத்தியோகத்தின் பெயரே 'ரைட்டர்'. கதை எழுதுகிறவர் அல்ல. கணக்கும் கடிதமும் எழுதுகிற குமாஸ்தா. பிற்பாடு பிளாசிப் போரில் ஜெயித்த ராபர்ட் கிளைவ், 1744-ல் சென்னை செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து இறங்கியது ரைட்டராகத்தான்!

கல்கத்தாவில் இந்தக் குமாஸ்தாக்களுக்கென்று 1777-ல் கட்டத் தொடங்கிய கட்டடம்தான் ரைட்டர்ஸ் பில்டிங். பிற்காலத்தில் மேற்கு வங்காள அரசின் தலைமைச் செயலகமாக இருந்து, 2013-ல் முதலமைச்சர் அலுவலகம் ஹௌராவுக்குப் போகும்வரை அந்த மாநிலத்தின் அதிகார பீடமாக விளங்கியது. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் இன்றும் 'ரைட்டர்' என்று ஒருவர் உண்டே, அந்தப் பெயரும் இந்தப் பழைய வழக்கை நினைவூட்டுவதுதான்.

வெள்ளைக்காரக் குமாஸ்தாக்களுக்குப் பிறகு நம்மவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நாலு கோடு நோட்டு, கட்டைப் பேனா, 'ஜி' நிப்பு, மசிக்கூடு. எழுத்து சாய்வு தப்பினால் விரல் முட்டியில் வாத்தியாரின் பிரம்பு! முத்து முத்தான இங்கிலீஷ் கையெழுத்து ஒரு காலத்தில் உத்தியோகத்துக்கே சிபாரிசாக இருந்தது. மனுவைக் கையாலேயே எழுதி அனுப்பச் சொன்ன கம்பெனிகள் உண்டு.

இதற்கு முதல் அடி கொடுத்தது டைப்ரைட்டர். 1874-ல் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி அதை விற்க ஆரம்பித்தது. கடிதங்கள் மெஷினுக்குப் போயின. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்த தமிழ் இளைஞர்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறினார்கள். ஆனால் பேரேடு மட்டும் நெடுநாள் பேனாவிடமே இருந்தது. தடித்த அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை டைப்ரைட்டரில் நுழைக்க முடியாதே! கம்ப்யூட்டர் வந்தபிறகுதான் அதுவும் போயிற்று.

ஆபீசை விட்டு வெளியேறிய எழுத்து எங்கே போயிற்று? மரியாதை காட்ட வேண்டிய இடங்களுக்குப் போயிற்று. அழைப்பிதழ், சான்றிதழ், விசிட்டிங் கார்டு. அன்றாட வேலை முடிந்த பிறகு அதற்கு அலங்கார உத்தியோகம் கிடைத்தது.

ஈயத்தில் வராத எழுத்து

ஆனால் அங்கேயும் ஒரு தொல்லை காத்திருந்தது. அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின் தலையில் இருக்கும். கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் கோத்தால் வார்த்தை. நேராக நிற்கும் எழுத்துக்கு இது சரி. சாய்ந்து, பக்கத்து எழுத்தின் மேல் வாலை நீட்டும் எழுத்துக்கு?

வால் கட்டைக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். அழுத்தம் பட்டால் ஒடிந்துவிடும். வாலைக் கட்டைக்குள்ளேயே அடக்கினால் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விழுந்து, கோத்த கை விட்டுப்போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாரிஸ் நகரத்து ஃபிர்மன் தீதோ, கட்டையையே சாய்வாக வார்த்துப் பார்த்தார். அழகாக வந்தது. ஆனால் கோப்பதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும்.

1886-ல் லைனோடைப் மெஷின் வந்தது. ஒரு வரியை ஒரே ஈயப் பாளமாக வார்த்துத் தள்ளும் மெஷின். பத்திரிகை உலகத்தையே மாற்றியது. ஆனால் அதில் ஒரு எழுத்து அடுத்த எழுத்தின் எல்லைக்குள் ஒரு இம்மிகூட நுழைய முடியாது. கை கோக்கும் எழுத்துக்கு அது கதவை அடைத்துவிட்டது. உயர்ந்த ரக அழைப்பிதழ் வேண்டுமென்றால் பழையபடி தகட்டில்தான் செதுக்க வேண்டும். சாதாரண குடும்பத்துக்கு அந்தச் செலவு கட்டுமா?

ஒளி திறந்த கதவு

கதவைத் திறந்தவர் மாத்யூ கார்ட்டர். 1937-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் ஹாரி கார்ட்டர் அச்செழுத்துச் சரித்திரத்தில் பண்டிதர். பையன் கல்லூரிக்குப் போகவில்லை. 1955-ல் ஹாலந்து தேசத்தில் ஹார்லெம் என்ற ஊரில் உள்ள என்ஸ்கெடே அச்சகத்துக்குப் போய், எஃகுக் கம்பியின் முனையில் எழுத்து வெட்டும் பழைய தொழிலைக் கற்றார். அழிந்துகொண்டிருந்த தொழில் அது. ஆனால் ஒரு எழுத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அது அவர் விரலுக்குச் சொல்லிக் கொடுத்தது.

1965-ல் அவர் நியூயார்க்கில் லைனோடைப் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது ஈயத்தின் காலம் முடிந்து, ஒளியால் எழுத்துக் கோக்கும் மெஷின்கள் வந்துகொண்டிருந்தன. படச்சுருளில் உள்ள எழுத்தின் வழியே வெளிச்சத்தைப் பாய்ச்சி, புகைப்படத் தாளில் வார்த்தையைப் பதிப்பார்கள். கட்டை இல்லை. ஆகவே ஒடிவதற்கு வாலும் இல்லை. ஒரு எழுத்தின் எல்லைக்குள் இன்னொரு எழுத்து தாராளமாக நுழையலாம்.

ஈயத்தால் முடியாத எதைப் புதிய மெஷினால் செய்ய முடியும்? அதைக் காட்ட ஒரு எழுத்து வேண்டியிருந்தது. கார்ட்டர் 270 வருஷத்துக்கு முந்தைய மாதிரியைத் தேர்ந்தெடுத்தார். ஆம், கணக்கு வாத்தியார் ஸ்னெலின் கையெழுத்துத்தான்!

காரணம் இருந்தது. ஆடம்பரச் சுழிப்புள்ள கையெழுத்தை அச்செழுத்தாக்குவது கடினம். அங்கே ஒரே 'ஏ' பத்து இடத்தில் பத்து விதமாக இருக்கும். ஸ்னெலோ அளவுக்கும் விதிக்கும் கட்டுப்பட்டு எழுதியவர். ஒவ்வொரு எழுத்தும் முடிகிற கோடு, அடுத்த எழுத்து தொடங்குகிற இடத்தில், அதே உயரத்தில், அதே சாய்வில் போய்ச் சேர வேண்டும். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும் சேர வேண்டும். ஓர் இழை விலகினால் வார்த்தை அறுந்துவிடும். கார்ட்டர் வரைந்த எழுத்தில் சேர்க்கை கண்ணுக்கே தெரியாது.

1966-ல் வெளிவந்த அந்த எழுத்துக்கு அவர் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' என்று வாத்தியார் பெயரையே வைத்தார். 1972-ல் அதே காலத்து இன்னொரு வாத்தியாரான ஜார்ஜ் ஷெல்லியின் பெயரில் ஒரு எழுத்து செய்தார். சுழிப்பு குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அதில் மூன்று வகை.

பிற்பாடு, 1990-களில் கம்ப்யூட்டர் திரையில் கண் வலிக்காமல் படிப்பதற்காக மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்கு 'வெர்டானா', 'ஜார்ஜியா' எழுத்துக்களை வரைந்தவரும் இதே கார்ட்டர்தான். ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள் அவருடைய கைவேலையைத் தெரியாமலே படித்திருப்பார்கள். 2010-ல் அமெரிக்காவின் மக்ஆர்தர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஸ்னெல் வாத்தியாரின் கையெழுத்து இன்று ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் ஐபோனிலும் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 'எட்வர்டியன் ஸ்கிரிப்ட்', 'பேலஸ் ஸ்கிரிப்ட்' எழுத்துக்களைக் காணலாம். 'பின்யான் ஸ்கிரிப்ட்', 'கிரேட் வைப்ஸ்' போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் தனவந்தர்களுக்கு மட்டும் எட்டிய எழுத்து, இன்று சிவகாசியில் அடித்தாலும் சிக்பேட்டையில் அடித்தாலும் எல்லா வீட்டுப் பத்திரிகைக்கும் எட்டுகிறது.

பத்திரிகை அடிக்கப் போகிறீர்களா?

எட்டியது சரி, பிழையாகப் போடுவதும் பெருகிவிட்டது. வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் மாதிரிப் படியைப் பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பெரியவர் கண்டுபிடித்த பிழை. இந்த எழுத்தில் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் போடவே கூடாது. வார்த்தையின் வாசலில் தலைப்பாகை கட்டி நிற்கும் காவல்காரர் மாதிரி அந்தப் பெரிய எழுத்து. வீட்டுக்குள் இருக்கும் எல்லோருக்கும் தலைப்பாகை கட்டினால் யார் முகம் தெரியும்?

இரண்டாவது, எழுத்துக்கு நடுவே இடைவெளி விடச் சொல்லாதீர்கள். இடம் நிரம்ப வேண்டும் என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கவும் விடாதீர்கள். கோத்த கை அறுந்து போகும். தடிப்பும் மெலிவும் குலைந்து போகும்.

மூன்றாவது, பெயருக்கும் தலைப்புக்கும் இந்த எழுத்து போதும். மண்டபத்தின் விலாசம், முகூர்த்த நேரம், போன் நம்பர் இவற்றைச் சாதாரண எழுத்தில் போடுங்கள். சின்ன அளவில் மயிரிழைக் கோடுகள் அச்சில் விழாமல் போகும். பொன் நிற மையில், வண்ணத் தாளில் அடித்தால் இன்னும் மோசம். வயதானவர்கள் விலாசம் தெரியாமல் தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான்!

நான்காவது, நம் இனிஷியல். இந்த எழுத்தில் 'டி'யும் 'எஃப்'பும், 'ஐ'யும் 'ஜே'யும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெயர் தெரியாத ஒருவரிடம் படியைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் தகப்பனார் பெயரை முழுவதுமாகப் போட்டுவிடுவது உத்தமம்.

எழுத்தை அழகாகப் போடுவதே படிப்பவருக்குச் செய்யும் மரியாதைதான். படிக்க முடியாமல் போனால் மரியாதை எங்கே? குமாஸ்தாக்கள் இந்த எழுத்தை வளர்த்தது, அடுத்த மேஜைக்காரர் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே!

தாராவி அச்சகத்துப் பையன் அன்றே பெயர்களைத் திருத்திக் கொடுத்தான். பெரியவர் எழுதிய தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டான். யாராவது முழுப் பெரிய எழுத்துக் கேட்டால் அதை எடுத்துக் காட்டுகிறானாம்.

"கவர் மேல விலாசமும் அடிச்சுத் தரட்டுமா தாத்தா? செலவு அதிகம் ஆகாது" என்று கேட்டான்.

"கவரை மட்டும் கொடு தம்பி. விலாசத்தை நான் எழுதிக்கிடுதேன்" என்றார் பெரியவர்.

பத்து நாட்கள் ராத்திரியில் உட்கார்ந்து, அத்தனை கவருக்கும் அவரே எழுதினார். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஊரில் அவருடைய தங்கை வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுபோன தபால்காரர், கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அச்சடிச்சதா, கையால எழுதினதாம்மா?" என்று கேட்டாராம்.

"எங்க அண்ணன் கையெழுத்து" என்று சொன்னாளாம் அந்த அம்மாள்.